பெரிய தொழில்நுட்பக் கம்பனியிடம் உங்கள் தரவுக்குக் கணக்குக் கேட்பது எப்படி? கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பேஸ்புக், கூகுள், டிக்டொக், உங்கள் கைபேசியில் இருக்கும் வாடகைக்கார் செயலி என்று எதுவாக இருந்தாலும், "என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குவதற்கான வழி இது. பதில் வராவிட்டால், வந்த பதில் மழுப்பலாக இருந்தால், அடுத்து எங்கே போவது என்பதும் இதில் உண்டு.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்த வேலையில் இறங்கியவர்களுக்குக் கூட இருந்து உதவியதில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. சட்டம் தெரியாமல் தோற்பவர்கள் குறைவு, வரிசை மாறித் தோற்பவர்களே அதிகம். கோபத்தில் முதலில் கணக்கை அழிக்கிறார்கள். பிறகு முறைப்பாடு எழுதுகிறார்கள். கம்பனியிடம் கேட்கவேண்டும் என்பது கடைசியில்தான் ஞாபகம் வருகிறது. செய்யவேண்டியது இதற்கு நேர் தலைகீழ்.

தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை: தேசிய அடையாள அட்டை, கணக்கோடு இணைந்த மின்னஞ்சல், தரவிறக்கும் கோப்புகளுக்குப் போதுமான இடமுள்ள கணினி, திகதி குறிக்க ஒரு கொப்பி. சட்டத்தரணி இப்போதைக்குத் தேவையில்லை.

1. இது தரவுப் பாதுகாப்புப் பிரச்சினைதானா என்று பாருங்கள்

நமக்கு வேண்டியது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் இலக்கமும் 9தான். கடிதத்தில் "9ஆம் இலக்கச் சட்டம்" என்று மட்டும் எழுதி ஆண்டை விட்டவர்கள் உண்டு. இரண்டாவது சட்டம் இணையத்தில் வெளியாகும் கூற்றுகளைப் பற்றியது. அங்கே போனால் உங்கள் தரவுக்குப் பதில் கிடைக்காது.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அது அரச நிறுவனங்கள் போன்ற பகிரங்க அதிகாரசபைகளிடம் கேட்பதற்கானது. கலிபோர்னியாவில் இருக்கும் கம்பனிக்கு அது பொருந்தாது.

கணக்கை யாரோ திருடிவிட்டார்கள், உங்கள் படத்தில் போலிக் கணக்கு ஓடுகிறது என்றால் முதலில் போகவேண்டிய இடம் இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் அரச அமைப்பான ஸ்ரீ லங்கா சேர்ட், அல்லது பொலிஸ். பக்கத்து வீட்டுக்காரர் குடும்ப வட்ஸ்அப் குழுவில் உங்கள் படத்தைப் போட்டது இந்தச் சட்டத்துக்குள் வராது. முற்றிலும் சொந்த, வீட்டுத் தேவைக்காகச் செய்யப்படுவதைச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது.

2. எந்தப் பகுதி நடைமுறையில் இருக்கிறது என்று வர்த்தமானியில் பாருங்கள்

இந்தச் சட்டம் ஒரே நாளில் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை, பகுதி பகுதியாக வருகிறது. இந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் அரச அமைப்பான தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையை நிறுவும் பகுதி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் உரிமைகளைச் சொல்லும் பகுதிக்கு 2025 மார்ச் 18 என்று குறித்திருந்த திகதி தள்ளிப்போனது. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஒரு திருத்தச் சட்டமும் நிறைவேறியது.

ஆகவே கடிதம் எழுதும் வாரத்தில் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: மூலச் சட்டம், திருத்தச் சட்டம், நடைமுறைத் திகதியை அறிவிக்கும் வர்த்தமானி. அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மூன்று மொழிகளிலும் கிடைக்கும். தமிழில் படிப்பது வசதிதான், ஆனால் மொழிகளுக்கிடையே முரண் வந்தால் சிங்கள உரையே செல்லும். சந்தேகமான சொல் வந்தால் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

உரிமைப் பகுதி அன்றைக்கு நடைமுறையில் இல்லாவிட்டாலும் கேட்பதை ஒத்திப்போட வேண்டாம். பெரிய கம்பனிகள் எல்லாமே தம் தனியுரிமைக் கொள்கையில், "உங்கள் தரவைப் பார்க்கலாம், திருத்தலாம், அழிக்கச் சொல்லலாம்" என்று தாமாகவே எழுதி வைத்திருக்கின்றன. சட்டப் பிரிவை எழுதவேண்டிய இடத்தில் அந்த வரியை மேற்கோள் காட்டுங்கள். நடைமுறையில் இல்லாத பிரிவைச் சுட்டிக் கடிதம் அனுப்பினால், "அந்தப் பிரிவு எமக்குப் பொருந்தாது" என்று ஒரே வரியில் பதிலை முடித்துவிடுவார்கள்.

3. கணக்கை அழிக்காதீர்கள், சான்றைச் சேருங்கள்

கணக்கு இருக்கும்வரைதான் "இது நான்தான்" என்று காட்ட உங்களுக்கு இலகுவான வழி இருக்கிறது. பேஸ்புக்கில் அழிக்கச் சொன்னால் 30 நாட்கள் அவகாசம் தருவார்கள். அதற்குள் திரும்பி வராவிட்டால் கணக்கு போய்விடும். பிறகு கேட்டால், "உங்களைப் பற்றி எங்களிடம் எதுவும் இல்லை" என்பதே பதிலாக வரலாம். அது உண்மையாகவும் இருக்கலாம், அதை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

முதல் வேலை, கம்பனியே தரும் தரவிறக்கத்தை எடுப்பது. கூகுளில் அதன் பெயர் டேக்அவுட். பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் அமைப்புகளுக்குள் "உங்கள் தகவலைத் தரவிறக்குங்கள்" என்ற வழி இருக்கிறது. கோப்பு தயாரானதும் வரும் இணைப்பு சில நாட்களில் காலாவதியாகிவிடும். "ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாகப் பார்ப்போம்" என்று விடவேண்டாம்.

எச்டிஎம்எல் (உலாவியில் திறந்து வாசிப்பது), ஜேசன் (கணினி நிரல்கள் படிப்பது) என்று இரண்டு வடிவங்களைத் தருவார்கள். இரண்டையும் எடுங்கள். வாசிக்க முதலாவது, ஒன்றும் விடுபடவில்லை என்று சரிபார்க்க இரண்டாவது. பேஸ்புக்கின் ஜேசன் கோப்பைத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் பின்சாய்வுக் கோடுகளும் எழுத்துகளும் இலக்கங்களுமாகக் குழம்பித் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று எறிந்துவிடுகிறார்கள். பழுது ஒன்றுமில்லை, எழுத்துக் குறியாக்கச் சிக்கல்தான். அதே விஷயம் எச்டிஎம்எல் கோப்பில் நல்ல தமிழில் இருக்கும்.

நண்பர்கள், படங்கள், பழைய அரட்டைகளில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், அவை உங்களுக்குத் தெரிந்தவைதான். நேரே விளம்பரப் பகுதிக்குப் போங்கள். உங்கள் தகவல் அடங்கிய பட்டியலைப் பயன்படுத்திய விளம்பரதாரர்கள் யார், பேஸ்புக்குக்கு வெளியே நீங்கள் செய்தவற்றை எந்தெந்தத் தளங்களும் செயலிகளும் பேஸ்புக்குக்கு அனுப்பின என்ற விபரம் அங்கே இருக்கும்.

வெள்ளவத்தை ஆசிரியை ஒருவரின் கோப்பில் காலி வீதியில் உள்ள ஒரு துணிக்கடையின் பெயர் இருந்தது. கடையின் பக்கத்தை அவர் பார்த்ததும் இல்லை, விரும்பியதும் இல்லை. ஒரு தடவை சேலை வாங்கியபோது, "பில்லை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பவா மிஸ்?" என்று கேட்டதற்கு இலக்கத்தைச் சொன்னார், அவ்வளவுதான். அந்த இலக்கம் கடையின் வாடிக்கையாளர் பட்டியலுக்குப் போய், அங்கிருந்து விளம்பர நிறுவனத்தின் கைக்கு வந்து, அவர்கள் அதைப் பேஸ்புக்கில் ஏற்றியிருக்கிறார்கள்.

இப்படி ஒன்று கிடைத்தால், வெளிநாட்டுக் கம்பனிக்கு எழுதும் அதே நாளில் கடைக்கும் எழுதுங்கள். என் அனுபவத்தில் அந்தக் கடிதத்துக்குத்தான் பதில் முதலில் வரும். கடைக்கு இங்கே முகவரி இருக்கிறது, முதலாளி இருக்கிறார், பெயர் கெட்டுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய கம்பனியிடம் பேசுவது வேறு மாதிரி இருக்கும்.

முக்கியமான பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது திகதியும் நேரமும் தெரியும்படி எடுங்கள். அன்றைய தனியுரிமைக் கொள்கையையும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். அடுத்த மாதம் அதே வாசகம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

4. உண்மையில் யாரிடம் கேட்கிறீர்கள்?

"பேஸ்புக் இலங்கைக் கிளைக்கு" என்று முகவரி எழுதுவது வீண். தரவை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் நிறுவனம்தான் பொறுப்பாளி. அதன் பெயரும் முகவரியும் தனியுரிமைக் கொள்கையின் கடைசிப் பகுதியில், "எம்மைத் தொடர்புகொள்ள" என்பதன் கீழ் இருக்கும். வாழும் நாட்டைப் பொறுத்து அது மாறும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குப் பேஸ்புக்கின் பொறுப்பாளி அயர்லாந்தின் டப்ளினில் உள்ள நிறுவனம். ஆசிய நாடுகளில் உள்ளவர்களை 2018இலேயே அமெரிக்க நிறுவனத்தின் கீழ் மாற்றிவிட்டார்கள். கொழும்பில் இருந்துகொண்டு டப்ளினுக்கு எழுதினால், நீங்கள் எங்கள் பொறுப்பில் இல்லை என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு வழி கிடைக்கிறது.

"வெளிநாட்டுக் கம்பனியை இலங்கைச் சட்டம் தொடுமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். சட்டத்தின் 2ஆம் பிரிவைப் படியுங்கள். இலங்கையில் உள்ளவர்களுக்குப் பொருளோ சேவையோ வழங்கும் நிறுவனத்தையும், இங்குள்ளவர்களின் நடத்தையைக் குறிப்பாகக் கண்காணிக்கும் நிறுவனத்தையும் அது உள்ளடக்குகிறது. அலுவலகம் இங்கே இருக்கவேண்டும் என்பதில்லை. கடிதத்தில் இந்தப் பிரிவைச் சொல்லி, இலங்கையில் உள்ளவர்களுக்கு விளம்பரம் காட்டுகிறார்கள், தமிழிலும் சிங்களத்திலும் சேவை தருகிறார்கள் என்பதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்கள்.

உள்ளூர்ச் செயலி என்றால், கம்பனியின் சரியான பதிவுப் பெயரைக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத் தேடலில் பாருங்கள். விளம்பரப் பலகையில் இருக்கும் பெயரும் பதிவுப் பெயரும் பல இடங்களில் ஒன்றல்ல.

5. அடையாளத்தைக் காட்டுங்கள், தேவைக்கு மேல் கொடுக்காதீர்கள்

கணக்கோடு இணைந்த மின்னஞ்சலிலிருந்தே கடிதத்தை அனுப்பினால் பெரும்பாலும் அதுவே போதும். அடையாள அட்டைப் பிரதியை முதல் கடிதத்திலேயே இணைக்காதீர்கள், கேட்டால் மட்டும் கொடுங்கள்.

கொடுக்கும்போது பிறந்த திகதியை மறைத்துவிட்டு இலக்கத்தை அப்படியே விடுவது பலரும் செய்யும் பிழை. நம் அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. பெண்களுக்கு அந்த நாளோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள், ஆகவே ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். இலக்கத்தின் நடுப்பகுதியையும் மறையுங்கள். பிரதியின் குறுக்கே "இந்தக் கோரிக்கைக்கு மட்டும்" என்று எழுதி, கம்பனியின் பெயரையும் திகதியையும் போடுங்கள்.

பெயர்ச் சிக்கல் தமிழர்களுக்கு நிச்சயம் வரும். அட்டையில் தகப்பன் பெயர் முன்னால், பேஸ்புக்கில் சொந்தப் பெயர் முன்னால், மின்னஞ்சலில் முதலெழுத்து மட்டும். இயந்திரம் பார்த்து "பெயர் பொருந்தவில்லை" என்று தள்ளிவிடும். கடிதத்தின் இரண்டாவது வரியிலேயே எல்லா வடிவங்களையும் எழுதி, மூன்றும் ஒருவரே என்று சொல்லிவிடுங்கள். சிம் கணவர் பெயரிலோ அப்பாவின் பெயரிலோ இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். பிறகு சொன்னால் சாக்குப் போலத் தெரியும்.

6. கடிதத்தில் குறைவாகக் கேளுங்கள், குறிப்பாகக் கேளுங்கள்

"என்னைப் பற்றிய எல்லாவற்றையும் தாருங்கள்" என்று எழுதினால் தரவிறக்க இணைப்பைத்தான் அனுப்புவார்கள். 2011இல் ஆஸ்திரியச் சட்ட மாணவர் மக்ஸ் ஷ்ரெம்ஸுக்குப் பேஸ்புக் 1,200 பக்கங்களுக்கு மேல் அனுப்பியது. தான் அழித்துவிட்டதாக நினைத்தவைகூட அதில் இருந்ததை அவர் பக்கம் பக்கமாகப் பார்த்துக் கண்டுபிடித்தார். நமக்கு அவ்வளவு தேவையில்லை. தரவிறக்கத்தில் இல்லாததைக் கேட்பதுதான் நம் வேலை.

இலங்கைக் கம்பனிக்கு என்றால், உரிமைப் பகுதி நடைமுறையில் இருந்தால், இப்படி எழுதலாம்:

"மேற்காணும் மின்னஞ்சல், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றால் உங்கள் சேவையைப் பயன்படுத்துகிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ், பின்வருவனவற்றை எழுத்தில் கோருகிறேன். ஒன்று, என் தொலைபேசி இலக்கத்தை எங்கிருந்து, எப்போது பெற்றீர்கள். இரண்டு, அதை எந்தத் தேவைக்காக, எந்தச் சட்ட அடிப்படையில் வைத்திருக்கிறீர்கள். மூன்று, யாருக்குக் கொடுத்தீர்கள், பெயருடன். நான்கு, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள். உங்கள் தரவிறக்க வசதியை நான் ஏற்கெனவே பயன்படுத்திவிட்டேன். இந்த நான்குக்கும் அதில் பதில் இல்லை."

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் முதல் பதிலாக வருவது அதே இணைப்புத்தான். "பெயருடன்" என்ற சொல்லும் முக்கியம். இல்லாவிட்டால் "எமது பங்காளர்கள்" என்று பொதுவாகச் சொல்லித் தப்பிவிடுவார்கள்.

ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை. பார்ப்பதற்கு 13ஆம் பிரிவு, சம்மதத்தை மீளப்பெற 14, திருத்த 15, அழிக்க 16. பார்க்கவும் அழிக்கவும் ஒன்றாகக் கேட்டால் முதலில் அழித்துவிட்டு, "இப்போது காட்ட ஒன்றுமில்லை" என்பார்கள்.

செயலி உங்களை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தால் விஷயம் வேறு. முச்சக்கர வண்டிச் சாரதியின் கணக்கைக் காரணம் சொல்லாமல் முடக்குவது போன்றவற்றுக்கு 18ஆம் பிரிவு. முற்றிலும் இயந்திரம் எடுத்த, மீளத் திருத்த முடியாத, தொடர்ச்சியான பாதிப்பைத் தரும் முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம். நெதர்லாந்தில் ஊபர் சாரதிகள் தொடுத்த வழக்கில் ஆம்ஸ்டர்டாம் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் பெயரளவிலான மனிதத் தலையீட்டை ஏற்க மறுத்தது. ஆகவே "இதை மனிதர் பார்த்தாரா?" என்று மட்டும் கேட்காமல், "அவர் எந்தத் தகவலைப் பார்த்தார், முடிவை மாற்றும் அதிகாரம் அவருக்கு இருந்ததா?" என்றும் கேளுங்கள்.

வெளிநாட்டுக் கம்பனிக்கு ஆங்கிலத்தில் எழுதுவதே நல்லது. தமிழ்க் கடிதம் மொழிபெயர்ப்பு இயந்திரத்துக்குள் போய் என்னவாக வெளிவரும் என்று சொல்லமுடியாது.

7. அனுப்பி, நாட்களை எண்ணுங்கள்

உதவி அரட்டைப் பெட்டியில் கேட்டதைக் கோரிக்கை என்று நினைக்கவேண்டாம். மூடியதும் அது போய்விடும். தனியுரிமைக்கென்று இருக்கும் மின்னஞ்சலுக்கோ படிவத்துக்கோ அனுப்புங்கள். படிவம் என்றால் "அனுப்பு" என்பதை அழுத்துமுன் ஒரு ஸ்கிரீன்ஷாட், பிறகு வரும் குறிப்பு இலக்கத்துக்கு இன்னொன்று. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னஞ்சலை ஏற்கிறது. உள்ளூர்க் கம்பனிக்குப் பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள். அந்தத் துண்டுச்சீட்டு பிறகு உதவும்.

மூலச் சட்டம் கம்பனிக்குத் தரும் அவகாசம் 21 வேலை நாட்கள். திருத்தத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு மட்டுமல்ல, போயா நாட்களையும் கழியுங்கள். ஏப்ரலில் அனுப்பினால் புத்தாண்டும், மே மாதத்தில் வெசாக்கும் இடையில் வரும். ஒரு நாள் முந்தி முறைப்பாடு கொடுத்து, "காலம் முடியவில்லை" என்று திரும்பி வந்தால் மனம் சலித்துவிடும்.

"உங்கள் கடிதம் கிடைத்தது" என்ற தானியங்கி மடல் பதில் ஆகாது. அதைச் சேமித்து வையுங்கள், நாள் எண்ணுவதை நிறுத்தாதீர்கள்.

8. வந்த பதிலைக் கேள்வி கேள்வியாகப் பிரியுங்கள்

நீங்கள் கேட்ட நான்கையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர்கள் சொன்னதை அவர்கள் சொற்களிலேயே எழுதுங்கள். நீளமான, மரியாதையான பதிலில் எது விடுபட்டிருக்கிறது என்பது இப்படி எழுதினால்தான் கண்ணில் படும்.

"நாங்கள் உங்கள் தரவை விற்பதில்லை" என்று வந்திருக்கும். விற்றீர்களா என்று நீங்கள் கேட்கவில்லை, கொடுத்தீர்களா என்றுதான் கேட்டீர்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

மறுப்பதானால் காரணம் சொல்லவேண்டும். அடையாளத்தை உறுதிப்படுத்த முடியவில்லை, இன்னொருவரின் உரிமை பாதிக்கும், வேறு சட்டம் தடுக்கிறது என்பவை சட்டம் ஏற்கும் காரணங்களில் சில. "எமது கொள்கைப்படி" என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

வெறுமையாக இருக்கும் கட்டங்களை மட்டும் எடுத்து இரண்டாவது கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். புதிய கேள்வியைச் சேர்த்தால் அது புதிய கோரிக்கையாகிவிடும், அவகாசமும் முதலிலிருந்து தொடங்கும்.

9. இப்போது அதிகாரசபை

கம்பனியின் மறுப்பு, அல்லது பதில் இல்லாமல் முடிந்த காலம், இரண்டில் ஒன்று இருந்தால்தான் 19ஆம் பிரிவின் கீழ் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையிடம் மேன்முறையீடு செய்யமுடியும். இத்தனை கடிதம் எழுதியது அதற்காகத்தான்.

தமிழிலேயே எழுதலாம். கொழும்பில் நிர்வாக மொழி சிங்களமாக இருந்தாலும், அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடம் தருகிறது. கம்பனியின் ஆங்கிலக் கடிதங்களை அப்படியே இணையுங்கள், நீங்களே மொழிபெயர்க்கப் போகாதீர்கள்.

மேலே ஒரு பக்கக் காலவரிசை: எந்தத் திகதி, என்ன அனுப்பினீர்கள், என்ன வந்தது, இணைப்பு இலக்கம். அதன் கீழே 8இல் செய்த அந்தத் தாள். பிறகு சான்றுகள். கோபத்தையும் நாட்டு நிலைமையையும் பற்றிய பந்திகளை எடுத்துவிடுங்கள். என்ன உத்தரவு வேண்டும் என்பதைக் கடைசியில் ஒரே வசனத்தில் சொல்லுங்கள். "நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதவேண்டாம். "மூன்றாவது கேள்விக்குப் பெயருடன் பதில் தரக் கட்டளையிடவும்" என்று எழுதுங்கள்.

எதை எதிர்பார்க்கலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். மூலச் சட்டப்படி தண்டப்பணம் ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபாய் வரைதான், அதுவும் உங்கள் கைக்கு வராது. உலகக் கம்பனி ஒன்றுக்கு அது பெரிய தொகை அல்ல. ஐரோப்பாவில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு 2023 மே மாதம் பேஸ்புக்கின் தாய்க் கம்பனியான மெற்றாவுக்கு 120 கோடி யூரோ விதித்தது. ஆகவே உள்ளூர்க் கம்பனிக்கு எதிராகத் தண்டப்பணத்தைச் சொல்லலாம். வெளிநாட்டுக் கம்பனிக்கு எதிராகப் பதிலையும் திருத்தத்தையும் குறிவையுங்கள்.

அதிகாரசபையின் முடிவில் திருப்தி இல்லாவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றம். புதுக்கடைக்குப் போய்ச் சட்டத்தரணியைப் பார்க்கவேண்டிய கட்டம் இதுதான். முடிவு கையில் கிடைத்த வாரத்திலேயே போங்கள், மேன்முறையீட்டுக்குக் காலவரம்பு உண்டு. திகதி வரிசையில் அடுக்கிய கோப்போடு போனால் அவர் விஷயத்தைப் பிடிக்க அதிக நேரம் எடுக்காது.

10. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வழியாகப் போகலாமா?

"மகன் பாரிஸில் இருக்கிறான், அவன் அங்கே முறைப்பாடு கொடுக்கட்டும்" என்று அடிக்கடி கேட்கிறேன். அம்மாவின் தரவுக்கு மகன் தன் பெயரில் கேட்கமுடியாது. உரிமை தரவுக்குரியவருடையது. அம்மா கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் இருந்தாலும், அம்மாவின் கணக்குக்குப் பொறுப்பாளி எந்த நிறுவனம் என்ற 4ஆம் படியின் கேள்வி அப்படியே இருக்கும்.

மகனுக்குத் தன் சொந்தத் தரவு பற்றிக் குறை இருந்தால் அவருக்கு நல்ல வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிலுக்கு ஒரு மாதம், சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம், கட்டணம் இல்லை. தரவு யாருக்குப் போனது என்று கேட்டால் பெறுநர்களின் பெயரையே சொல்லவேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. அவர் முறைப்பாட்டை டப்ளினில் உள்ள அயர்லாந்து ஆணைக்குழுவுக்கு அனுப்பத் தேவையில்லை. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழுவான சிஎன்ஐஎல்லிடம் கொடுத்தால் போதும், உரிய இடத்துக்கு அவர்கள் அனுப்புவார்கள். லண்டனில் இருப்பவர் இந்த வழியில் போகமுடியாது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டதால் அவருக்கு அங்குள்ள தகவல் ஆணையாளர் அலுவலகம்தான்.